மேலே ஒரு நாற்காலி போட்டால், கீழே கேட் திறக்குமா?

காலை ஆறு மணிக்குக் கும்மிடிப்பூண்டி லைன் மின்சார ரயிலில் ஏறிப் பார்த்தால் ஒரு வேடிக்கை புரியும். வடக்கே போகிற ரயிலில் இருந்து எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் இறங்குவது பெரும்பாலும் ஆண்கள். கழுத்தில் ஐடி கார்டு, தோளில் சாப்பாட்டுப் பை. அதே பிளாட்பாரத்தின் எதிர்ப் பக்கம், தெற்கே போகிற ரயிலுக்குக் காத்திருக்கும் கூட்டத்தில் பெண்களே அதிகம். கூடையோடு மீன் எடுக்கப் போகிறவர், ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்ப்பவர், பாரிமுனைக் கடையில் சேல்ஸ் கேர்ளாக நிற்கப்போகும் பெண், ஆபீஸ் போகும் பட்டதாரி.

வீட்டு வாசலிலேயே தொழிற்சாலை இருக்கும் ஊர் எண்ணூர். அப்புறம் ஏன் இவ்வளவு பெண்கள் ரயில் ஏறி வேலைக்குப் போகிறார்கள்?

1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, பிறகு அசோக் லேலண்ட் ஆன கம்பெனியின் தாய்வீடு எண்ணூர்தான். பக்கத்துத் திருவொற்றியூரில் 1946-ல் ஒரு சின்ன ஷெட்டில் பலூன் செய்து தொடங்கியதுதான் இன்றைய எம்.ஆர்.எஃப். 1955-ல் அதே ஊரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1960-களில் பாரி கம்பெனியின் உரத் தொழிற்சாலை, 1970-ல் அனல் மின் நிலையம், 2001-ல் துறைமுகம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் வடசென்னையில் 'எங்க அப்பா லேலண்டு', 'எங்க தாத்தா விம்கோ' என்று சொல்லக் கேட்கும் அளவுக்கு 'எங்க அம்மா லேலண்டு' என்று கேட்பதில்லை.

பெண்ணும் வேலையும் பற்றி உலகம் முழுக்க எத்தனையோ ஆராய்ச்சிகள் நடக்கின்றன. அவற்றில் பாதி, மேல் மாடியைப் பற்றியவை. கம்பெனி போர்டில் எத்தனை பெண்கள், எத்தனை பெண் சி.இ.ஓ. என்று எண்ணுபவை. மீதிப் பாதி, கீழ் வாசலைப் பற்றியவை. வேலைக்கு வந்தவர் யார், வராமல் நின்றவர் யார், பாதியில் போனவர் யார் என்று பார்ப்பவை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எண்ணூரைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம். ஏனென்றால் எண்ணூர் உரத் தொழிற்சாலையின் கேட்டுக்கும், அதை ஆளும் குழுமத்தின் தலைமை அலுவலகமான பாரிமுனை டேர் ஹவுஸுக்கும் இடையே இருபது கிலோமீட்டர்தான்.

முதலில் மேல் மாடி.

பாரி கம்பெனி 1981-ல் முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தது. எண்ணூர் உர ஆலை இப்போது அதே குழுமத்தின் கோரமண்டல் இன்டர்நேஷனலிடம் இருக்கிறது. 2023 டிசம்பர் 26 இரவு அம்மோனியா கசிந்து பெரியகுப்பம், சின்னக்குப்பம் மக்கள் மூச்சுத் திணறி ஓடினார்களே, அதே ஆலை. பள்ளத்தூரில் இருந்து பர்மாவுக்குப் போய், 1900-ல் வட்டிக்கடையாகத் தொடங்கி, இன்று உரம், சைக்கிள், சர்க்கரை, சாணைக்கல் என்று பரந்திருக்கும் செட்டிநாட்டுக் குடும்பத்தின் குழுமம் இது.

இந்தக் குடும்பத்தின் மூத்தவர்களில் ஒருவரான எம்.வி.முருகப்பன் 2017 செப்டம்பரில் காலமானார். அவருக்கு மகன் இல்லை, இரண்டு மகள்கள். மூத்தவர் வள்ளி அருணாசலம், அணுசக்திப் பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்த அனுபவம் உண்டு. குழுமத்துக்கே தாய்க் கம்பெனி போல இருக்கும் அம்பாடி இன்வெஸ்ட்மென்ட்ஸில் அப்பா வழிப் பங்கு எட்டு சதவிகிதத்துக்குச் சற்று மேல். அது மனைவிக்கும் மகள்களுக்கும் வந்தது. வள்ளி கேட்டது இதுதான்: எங்கள் கிளைக்கு போர்டில் ஓர் இடம் கொடுங்கள், இல்லையென்றால் எங்கள் பங்கை நியாய விலைக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

2020 செப்டம்பரில் பங்குதாரர்கள் கூட்டம் நடந்தது. அவரை டைரக்டராக நியமிக்கும் தீர்மானத்துக்கு எதிராக 91.36 சதவிகித ஓட்டு விழுந்தது. (டைரக்டர் என்றதும் கேமரா ஞாபகம் வர வேண்டாம். கம்பெனி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று மேஜை சுற்றி உட்கார்ந்து முடிவெடுப்பவர்.) பெண் என்பதால்தான் மறுக்கப்பட்டேன் என்றார் அவர். கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போனார். 2023 ஆகஸ்டில் குடும்பத்துக்குள் சமரசம் ஆகி, வழக்குகளை விலக்கிக்கொள்ள இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. ஆகவே, யார் சொன்னது சரி என்று எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு எழுதவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது சொத்து அல்ல. 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது வருஷம் கழித்து, 1989-ல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. மத்திய அரசு அதே இடத்துக்கு வர 2005 ஆயிற்று. பங்கு மகளுக்கு வருவதில் இன்று தகராறு இல்லை. பங்கோடு சேர்ந்து நாற்காலியும் வருமா என்பதில்தான் இழுபறி. நகரத்தார் கோயில் கணக்கில் கல்யாணமான ஆண் ஒரு 'புள்ளி'. பெண், கணவர் வீட்டுப் புள்ளியோடு சேர்ந்துவிடுவார். அது அவர்கள் மரபு மட்டும் என்று மற்றவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது. 'பொண்ணு இன்னொரு வீட்டுக்குப் போறவதானே' என்ற வாக்கியம் கேட்காத வீடு எத்தனை?

இதே வடசென்னையில் நேர் எதிரான கதையும் இருக்கிறது. செம்பியத்தில் டிராக்டர் செய்யும் டாஃபே. அதன் தலைவர் ஏ.சிவசைலத்துக்கும் இரண்டு மகள்கள்தான். மூத்தவர் மல்லிகா சீனிவாசன் 1986-ல் கம்பெனிக்குள் வந்தார். நாட்டின் இரண்டாவது பெரிய டிராக்டர் கம்பெனியாக அதை நடத்திக் காட்டினார். மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்களுக்குத் தலைவர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் தலைவராக 2021-ல் நியமிக்கப்பட்டார். தனியார் துறையில் இருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆள். ஆண் வாரிசு இல்லாத இரண்டு பெரிய வீடுகள், ஒரே நகரம். ஓரிடத்தில் அப்பா உயிரோடு இருக்கும்போதே மகளைக் கூட்டிவந்து உட்கார வைத்தார். இன்னோரிடத்தில் அப்பா போன பிறகு மகள் வந்து கதவைத் தட்டினார். சட்டத்தைவிட அந்த ஒரு வித்தியாசம் பெரிதாகத் தெரிகிறது.

சட்டம் சும்மா இருந்ததா? இல்லை. 2013 கம்பெனிச் சட்டம், பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனிகளும் குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய மற்ற கம்பெனிகளும் போர்டில் ஒரு பெண்ணாவது வைக்க வேண்டும் என்றது. செபி கெடு வைத்தது, தள்ளிப் போட்டது, கடைசியில் 2015 ஏப்ரல் 1 என்று முடிவானது. கெடு நெருங்க நெருங்க நடந்த கூத்து இருக்கிறதே! பல முதலாளிகள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி, மகள், மருமகள், அண்ணி என்று ஒரே ராத்திரியில் டைரக்டர்கள் உதயமானார்கள். இது சரிப்படாது என்று, முதல் 500 கம்பெனிகளில் குடும்பத்துக்குச் சம்பந்தமில்லாத சுயேச்சைப் பெண் இயக்குநர் ஒருவர் கட்டாயம் என்று 2019-லும், முதல் 1000 கம்பெனிகளுக்கு 2020-லும் விதி வந்தது. பலன் இருந்தது. 2013 வாக்கில் நூற்றுக்கு ஆறு என்றிருந்த போர்டுப் பெண்கள், பத்து வருஷத்துக்குள் சுமார் பதினெட்டு ஆனார்கள். தலைவர் நாற்காலியில் மட்டும் அப்போதும் ஐந்தைத் தொடவில்லை.

சரி, மேலே பெண் வந்துவிட்டால் கீழே இருக்கும் பெண்ணுக்கு நல்லது நடக்கும்தானே? எல்லோரும் அப்படித்தான் நம்பினார்கள். நார்வே நாடு அதைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பளித்தது. பப்ளிக் கம்பெனி போர்டுகளில் 40 சதவிகிதம் பெண்கள் இருக்க வேண்டும், இல்லையென்றால் கம்பெனியையே கலைத்துவிடுவோம் என்று 2003-ல் சட்டம் போட்டார்கள். 2008-க்குள் சொன்னபடி நடந்தது. அதன் பிறகு மரியான் பெர்ட்ரான்ட் உள்ளிட்ட நான்கு பெண் பொருளாதார நிபுணர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தார்கள்.

முதல் விடை இனிப்பு. 'தகுதியான பெண்கள் எங்கே கிடைக்கிறார்கள்' என்று புலம்பியவர்கள் வாய் அடைத்துப் போனது. சட்டத்துக்குப் பின் வந்த பெண் இயக்குநர்கள், அதற்கு முன் இருந்தவர்களைவிடத் தகுதி கூடியவர்களாகவே இருந்தார்கள். தேடாமல் இருந்ததுதான் குறை.

இரண்டாவது விடை கசப்பு. அந்த நாற்காலிகளில் உட்கார்ந்த பெண்களுக்கு நன்மை. அதே கம்பெனிகளில் வேலை பார்த்த மற்ற பெண்களுக்குச் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. சம்பளம், பதவி உயர்வு, குழந்தைக்குப் பின் வேலைக்குத் திரும்புவது எல்லாம் பழைய தண்டவாளத்திலேயே ஓடின. மேல் மாடியில் ஊற்றிய தண்ணீர் படியில் இறங்கி வரவில்லை.

இந்த இடத்தில் அவசரப்பட்டு 'அப்போ பெண்களுக்கு இட ஒதுக்கீடே வேஸ்ட்' என்று சொல்லக் கூடாது. நம் நாட்டுப் பஞ்சாயத்துகளில் வேறு மாதிரி நடந்திருக்கிறது. மேற்கு வங்கத்தில் தலைவர் பதவி இரண்டு முறை தொடர்ந்து பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். அங்கே பெண் குழந்தைகள் பெரிய கனவு கண்டார்கள், பெற்றோரும் கண்டார்கள். படிப்பில் ஆண், பெண் வித்தியாசம் மறைந்திருந்தது. பெண் பிள்ளைகள் வீட்டு வேலை செய்யும் நேரம்கூடக் குறைந்திருந்தது. காரணம் ஒன்று யோசிக்கலாம். பஞ்சாயத்துத் தலைவி தெருவில் நடப்பார், குழாயடிக்கு வருவார். 2022-ல் 28 வயது பிரியா சென்னை மேயர் ஆனபோது, வடசென்னைச் சிறுமிகளுக்கு அது பக்கத்துத் தெரு அக்கா மேயர் ஆன செய்தி. கம்பெனி டைரக்டரை யார் பார்த்தார்கள்? கேட்டுக்கு வெளியே இருக்கும் சிறுமி மட்டுமல்ல, உள்ளே இருக்கும் தொழிலாளியே பார்த்திருக்க மாட்டார்.

இப்போது எண்ணூர் கேட்டுக்கு வரலாம்.

இந்த ஆலைகள் எழுந்த அதே 1948-ல்தான் தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. காலை 6 மணி முதல் இரவு 7 மணி வரை மட்டுமே பெண்ணை வேலை வாங்கலாம் என்றது அதன் 66-வது பிரிவு. பெண்ணைப் பாதுகாக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்று ஷிப்ட் ஆலைக்கு இது என்ன அர்த்தம்? காலை ஷிப்ட்டுக்கு மட்டும் ஒருத்தி வரலாம், மதிய ஷிப்ட்டின் பாதியில் கிளம்பிவிட வேண்டும், நைட் ஷிப்ட் கிடையாது. ஷிப்ட் மாற்றிப் போட முடியாத ஆளை எந்த ஃபோர்மேன் எடுப்பார்? அதே சட்டத்தின் 87-வது பிரிவு, ஆபத்தான வேலைகளில் 'பெண்கள், வளரிளம் பருவத்தினர், குழந்தைகளை' அமர்த்தத் தடை போட மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. முப்பது வயதுப் பெண்ணும் மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் ஒரே வரிசையில்! அபாயம் என்றால் ஆணுக்கும் அபாயம்தானே, அதைக் குறைக்க வேண்டியது ஆலையின் பொறுப்பல்லவா என்று யாரும் அப்போது கேட்கவில்லை.

இரவு வேலைத் தடையை உடைத்தது சென்னை உயர் நீதிமன்றம். 2000 டிசம்பரில் வசந்தா வழக்கில், அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்னது. சும்மா சொல்லிவிட்டுப் போகவில்லை. இரவில் பெண்களைத் தனியாக இல்லாமல் குழுவாக அமர்த்த வேண்டும், வீட்டுக்குப் போய்வர வண்டி, பாதுகாப்பு, ஷிப்ட்டுக்கு இடையே போதிய ஓய்வு என்று நிபந்தனைகளை அடுக்கியது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், பெண் சம்மதித்தால் எந்த வேலையிலும் இரவிலும் அமர்த்தலாம் என்கிறது. சட்டத்தின் பூட்டு திறந்துவிட்டது. ஐம்பது வருஷம் பூட்டிக் கிடந்த கதவின் துரு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை.

தமிழ்நாட்டைப் பற்றி ஒரு பெருமை அடிக்கடி சொல்லப்படும். இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பெண்களில் 43 சதவிகிதம் பேர் இந்த ஒரே மாநிலத்தில் இருக்கிறார்கள். 2019-20 கணக்குப்படி சுமார் 15.8 லட்சத்தில் 6.79 லட்சம். உண்மையான பெருமைதான். ஆனால் அவர்கள் அதிகம் இருப்பது திருப்பூர் பனியனிலும், ஆம்பூர் தோலிலும், சிவகாசித் தீப்பெட்டியிலும், ஸ்ரீபெரும்புதூர் செல்போனிலும். எண்ணூர் போன்ற இரும்பும் ரசாயனமும் கலந்த ஊர்களில் அல்ல. அசோக் லேலண்ட் 2023-ல் முழுக்கப் பெண்களே இயக்கும் ஓர் இன்ஜின் லைனைத் திறந்து, 80 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வேலையில் அமர்த்தியது. நல்ல காரியம். திறந்த இடம் ஓசூர்.

அந்த ஸ்ரீபெரும்புதூர் செல்போன் வேலையிலும் ஒரு முள் உண்டு. ஐபோன் பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை எடுப்பதில்லை என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. கம்பெனி மறுத்தது. மத்திய அரசு மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. 'கல்யாணம் ஆயிடுச்சா?' என்ற கேள்வி இன்று நேற்றுப் பிறந்ததல்ல. 2023-ல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவில் கல்யாணமான பெண்களை டீச்சர் வேலைக்கும் ஆபீஸ் வேலைக்கும் எடுக்காமல் விரட்டிய காலத்தை ஆவணம் ஆவணமாகத் தோண்டி எழுதியவர். சென்னையில் படித்து, இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி.முத்தம்மா, கல்யாணம் செய்ய அரசிடம் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியோடு மல்லுக்கட்டி, 1979-ல் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

கோல்டின் சொல்வதில் முக்கியமான ஒன்று: இன்றைய சம்பள வித்தியாசத்தில் பெரும்பகுதி, ஒரே வேலைக்கு இரண்டு கூலி தருவதால் அல்ல, முதல் குழந்தை பிறந்த பிறகு வருவது. சிகாகோவில் எம்.பி.ஏ. முடித்த ஆண்களையும் பெண்களையும் அவரும் சகாக்களும் பின்தொடர்ந்தார்கள். முதல் வேலையில் சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பத்து, பதினைந்து வருஷத்தில் பெரிய பள்ளம். டென்மார்க்கில், குழந்தை பிறந்த பின் அம்மாவின் வருமானம் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கி, பிறகு எழுந்திருக்கவே இல்லை. அப்பாவின் வருமானத்தில் ஒரு கீறலும் இல்லை. எந்த நேரம் கூப்பிட்டாலும் ஓடிவரும் ஆளுக்குத்தான் முதலாளி கூடுதல் பணம் கொடுக்கிறார். வீட்டில் ஒருவர் அப்படி ஓட வேண்டும் என்றால், இன்னொருவர் வீட்டில் நிற்க வேண்டும். நிற்பது யார்?

மத்திய அரசின் நேரக் கணக்கெடுப்பு 2024-ல் சொன்னது: சம்பளமில்லாத வீட்டு வேலையில், அதைச் செய்யும் பெண் ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார், செய்யும் ஆண் 88 நிமிடம். அந்த 289 நிமிடத்தோடு எட்டு மணி நேர ஷிப்ட், போகவரப் பயணம் எல்லாம் கூட்டிப் பாருங்கள். தூக்கத்தில் இருந்துதான் கடன் வாங்க வேண்டியிருக்கும்.

கணக்கில் வராமலே வேலை செய்பவர்கள் வேறு. காசிமேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்று வருபவருக்கு ஷிப்ட் இல்லை, லீவு இல்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, கழுத்தளவு ஆற்றுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு முதலாளியே இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய் வந்து முகத்துவாரத்தை மூடியபோது, அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது. குடும்பத்துக்கு இவ்வளவு, படகுக்குப் பத்தாயிரம் என்று பட்டியல். கூடைக்கு என்று அதில் தனி வரி இல்லை. வேலையில் இருக்கும் அல்லது வேலை தேடும் பெண்கள் சதவிகிதம் 2017-18-ல் 23.3, 2023-24-ல் 41.7 என்று ஏறியிருப்பதாகப் புள்ளிவிவரம் சொல்லும்போது, இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறியதில் பெரும்பங்கு, சொந்தத் தொழிலும் வீட்டுத் தொழிலில் சம்பளமில்லாத உதவியும். மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் உள்ள வேலை அந்த வேகத்தில் ஏறவில்லை.

கேட்டைத் திறப்பது எப்படி என்பதற்கு ஒரு சின்ன உதாரணம் குழந்தைகள் காப்பகம். 1948 சட்டத்தின்படி, முப்பது பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் காப்பகம் கட்டாயமாக இருந்தது. முதலாளி மனக்கணக்கு சுலபம்: முப்பதோடு நிறுத்து! 2017-ல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தியபோது இந்த ஓட்டையை அடைத்தார்கள். ஆணோ பெண்ணோ, ஐம்பது பேர் வேலை பார்த்தால் காப்பகம் வேண்டும். அதாவது ஒரு பெண்கூட இல்லாத, ஐந்நூறு ஆண்கள் மட்டும் உள்ள ஆலைக்கும் அந்த அறை பொருந்தும். அதே திருத்தம் மகப்பேறு விடுப்பையும் 12 வாரத்தில் இருந்து 26 வாரமாக்கியது. ஆனால் மாதம் 21,000 ரூபாய்க்குள் வாங்கி இ.எஸ்.ஐ.-யில் இருப்பவருக்கு அந்தச் சம்பளம் இ.எஸ்.ஐ. நிதியில் இருந்து வரும். அதற்கு மேல் வாங்கும் இன்ஜினீயர் பெண்ணுக்கு முதலாளி கையில் இருந்து கொடுக்க வேண்டும். சூப்பர்வைசர் நாற்காலிக்கு ஆண், பெண் இருவரின் பயோடேட்டா மேஜைக்கு வரும்போது அந்தக் கணக்கும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காப்பகம் பற்றிய அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. வேலை நேரத்தில் காப்பகத்துக்குப் போய் ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்து வரலாம். இந்த அனுமதி, தாய்க்கு மட்டும்.